ரெட் விங் நகரின் ஷெல்டன் அரங்கம்: முதல் நகராட்சி நாடக அரங்கு என்ற பெயர் அதற்குப் பொருந்துமா?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 22

மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ரெட் விங் என்ற சிறு நகரத்துக்கு வார இறுதியில் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே 1904ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஷெல்டன் அரங்கத்தைக் காட்டி, அமெரிக்காவிலேயே நகராட்சிக்குச் சொந்தமான முதல் நாடக அரங்கம் இதுதான் என்றார்கள். ஏறத்தாழ 16,500 பேர் வாழும் ஊருக்கு இப்படியொரு பெருமை எப்படி வாய்த்தது? இது உண்மையா, அல்லது ஊருக்கு ஊர் சொல்லிக்கொள்ளும் கதையா?

2024 செப்டம்பர் 23

உண்மைதான் என்பது என் பதில். நான் மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ரெட் விங் எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலை 61 வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது போய்வருகிறேன்.

தியடோர் ஷெல்டன் அந்த ஊரில் தானிய வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் பொருள் சேர்த்தவர். 1870களில் ரெட் விங் கோதுமைக்குப் பெயர் போன ஊராக இருந்தது. சுற்றுவட்டார உழவர்கள் வண்டி வண்டியாகக் கோதுமையைக் கொண்டுவந்து ஆற்றங்கரைக் கிடங்குகளில் இறக்குவார்கள். உழவர்களிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் சந்தைகளில் நாட்டிலேயே முதலிடம் ஒரு காலத்தில் அதற்குத்தான் இருந்தது. பின்னர் இருப்புப்பாதைகள் பெருகி, மினியாபொலிஸ் மாவாலைகள் தலையெடுத்ததும் கோதுமை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளில் ஈட்டிய பணம் ஊரைவிட்டுப் போகவில்லை. 1875இல் எழுந்த செயின்ட் ஜேம்ஸ் ஓட்டலும், மட்பாண்டத் தொழிலும், 1905இல் தொடங்கிய காலணித் தொழிற்சாலையும் ஊரிலேயே தங்கிய மூலதனத்தைக் கொண்டு எழுந்தவை.

1900இல் ஷெல்டன் இறந்தபோது, தம் செல்வத்தில் பெரும் பங்கை ஊர் மக்களுக்குப் பயன்படும் பொதுப்பணி ஒன்றுக்கு உயிலில் ஒதுக்கியிருந்தார். அது எந்தச் சமயப் பிரிவையும் சாராததாக இருக்க வேண்டும் என்று விரும்பிய அவர், எதைக் கட்டுவது என்பதை அறங்காவலர்களின் முடிவுக்கு விட்டிருந்தார். அவர்கள் நாடக அரங்கம் என்று தீர்மானித்து, மினியாபொலிஸ் கட்டடக் கலைஞர் லோவெல் லமொரோவிடம் பணியை ஒப்படைத்தார்கள். 1904 அக்டோபர் 10ஆம் நாள் 'தி ராயல் செஃப்' என்ற இசை நாடகத்தோடு அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடம் நகராட்சியின் உடைமையானது. ஆகவே, உங்களுக்குச் சொல்லப்பட்டது வெறும் கதையன்று.

2024 செப்டம்பர் 23, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். அதன் முழுப் பெயர் டி. பி. ஷெல்டன் நினைவு ஆடிட்டோரியம். நாடக அரங்கு என்று பொருள்படும் தியேட்டர் என்ற சொல் அந்தப் பெயரில் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூர்களில் தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் குடும்பங்கள் பலவற்றுக்கு தியேட்டர் என்ற சொல்லே காதில் நாராசமாக விழுந்ததால், அரங்கு கட்டியவர்கள் 'ஓப்பரா ஹவுஸ்' என்றும், 'அகாடமி' என்றும், 'ஹால்' என்றும் பெயர் வைத்தார்கள். ஓப்பரா ஒன்றுகூட நடந்திராத ஓப்பரா ஹவுஸ்கள் மிசிசிப்பிக் கரை நெடுகிலும் இருந்தன.

2024 செப்டம்பர் 26

முதல் குறிப்பில் நான் உறுதியாகச் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மாசசூசெட்ஸில் படித்த நண்பர் ஒருவர் நேற்று இதைப் படித்துவிட்டு, "நார்த்தாம்டனை மறந்துவிட்டீர்களே" என்றார். அவர் சொன்னது சரி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஸ்மித் கல்லூரி இருக்கும் நார்த்தாம்டன் நகரத்தில் எட்வர்ட் லைமன் என்பவர் தம் சொந்தச் செலவில் ஒரு நாடக அரங்கைக் கட்டி 1891இல் திறந்தார். மறு ஆண்டே, 1892இல், அதை நகரத்துக்குக் கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பெயர் 'அகாடமி ஆஃப் மியூசிக்'. இசைப்பள்ளி என்று எண்ணவைக்கும் இந்தப் பெயரும் முந்தைய குறிப்பில் நான் சொன்ன வழக்கத்தைச் சேர்ந்ததே. நாட்டின் முதல் நகராட்சி நாடக அரங்கு என்று அவர்களும் தம் அரங்கைச் சொல்கிறார்கள். ஷெல்டன் திறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது நகரத்தின் கைக்கு வந்துவிட்டது.

ஆகவே, நகரத்துக்குச் சொந்தமான முதல் அரங்கு என்ற பட்டத்தை, ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், ரெட் விங்குக்குக் கொடுக்க முடியாது. பதினேழு ஆண்டுகளாக விருந்தினர்களை அழைத்துப்போய் அந்த முகப்பின் எதிரே நிற்கவைத்து இதையே சொல்லி வந்திருக்கிறேன். கேள்வி கேட்டவரிடம் பொறுத்தருளக் கேட்கிறேன்.

2024 அக்டோபர் 5

பத்து நாள்களாக இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். ரெட் விங் சொல்வதை அடியோடு தள்ளிவிடுவதும் நியாயமாகப் படவில்லை. லைமன் கட்டியது ஒரு தனிமனிதரின் அரங்கு. திறந்து நடத்திய பிறகு அதை ஊருக்குக் கொடுத்தார். ஷெல்டன் அரங்கமோ அடிக்கல் நாட்டும்போதே ஊருக்கென்று நாட்டப்பட்டது. "நகராட்சிக்கு வந்து சேர்ந்த முதல் அரங்கு" நார்த்தாம்டனில் இருக்கிறது, "நகராட்சிக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கு" ரெட் விங்கில் இருக்கிறது என்று பிரித்துச் சொன்னால் இரண்டு ஊரின் சொல்லும் நிற்கும் என்று எண்ணுகிறேன்.

2024 அக்டோபர் 6

இந்தப் பிரிப்பில் ஓட்டை இருப்பதை ஒரு வாசகர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ரெட் விங்கிலும் கட்டியது நகராட்சியன்று; உயிலின்படி நடந்த அறங்காவலர்கள் கட்டி முடித்து நகரத்திடம் ஒப்படைத்தார்கள். வரிப்பணத்திலிருந்து கல்லும் சுண்ணாம்பும் வாங்கிய முதல் நகரம் எது என்று கேட்டால், இந்த இரண்டு ஊர்களுமே விடையாகா. ஒப்புக்கொள்கிறேன். நேற்று எழுதியதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏனென்றால் அதிலுள்ள பாதி இன்னும் சரி என்றே நினைக்கிறேன்.

ஒப்படைக்கப்பட்ட நாளுக்குப் பிறகு கூரை ஒழுகினால் யார் ஏணி போட்டு ஏறினார்கள் என்பதுதான் என் மனத்தில் நிற்கும் கேள்வி. கொடுத்தவர் ஒரு முறை கொடுத்தார்; வாங்கிக்கொண்ட ஊர் நூற்றிருபது ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

2024 அக்டோபர் 20

நேற்றுச் சனிக்கிழமை மாலை, பதினொரு வயது மகளை அழைத்துக்கொண்டு மீண்டும் போனேன். அவள் பள்ளி இசைக்குழுவில் செல்லோ வாசிக்கிறாள். நிகழ்ச்சி நரம்பிசை நால்வர் குழுவின் கச்சேரி. உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் இங்கே எழுதவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெட் விங்காரர்கள் இந்த அரங்கை நகைப்பெட்டி என்று சொல்வது வழக்கம். மூன்றாம் தெருவில் நின்று பார்க்கும்போது அந்த உவமை விளங்காது, ஏனென்றால் வெளிச்சுவர் அடக்கமாகத்தான் இருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே போன பிறகு, மூடியைத் திறந்தது போல விளங்கும். மேடையின் முகப்பு வளைவைச் சுற்றிச் சுதையில் செய்த பூவேலை ஓடுகிறது, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். இருக்கைகள் ஐந்நூறுக்கும் குறைவு. தரைத்தளத்தின் கடைசி வரிசைக்கும் மேடைக்கும் இடையே பள்ளிக்கூட வகுப்பறைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த தூரம்கூட இருக்காது என்றே கண்ணுக்குப் பட்டது.

நாங்கள் மாடியில் பின்வரிசையில் உட்கார்ந்தோம். என் முழங்கால் முன் இருக்கையின் முதுகில் முட்டியது. அந்தக் காலத்து மனிதர்களின் உயரத்துக்குப் போட்ட வரிசை போலும் என்று எண்ணிக்கொண்டேன். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தபோது, கூட்டம் இருளில் மறைந்த பிறகும் அந்தத் தங்கம் மட்டும் சற்று நேரம் தங்கி நின்று, மேடை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. இரண்டாம் பாகத்தில், மெதுவான பகுதியொன்று முடியும் தறுவாயில், வயோலா வாசித்தவர் தாளைப் புரட்டினார். ஒலிபெருக்கி எதுவும் இல்லாத அந்த அரங்கில், தாள் தாளோடு உரசிய ஓசை எங்கள் வரிசைக்குத் துல்லியமாகக் கேட்டது. மகள் என் கையைப் பிடித்து, "கேட்டுச்சா அப்பா?" என்று காதருகே கேட்டாள். இசையைக் கேட்டாயா என்று கேட்கிறாள் என நினைத்துத் தலையசைத்தேன். அவள் கேட்டது தாளின் ஓசையை என்று காரில் திரும்பும்போதுதான் தெரிந்தது. பெரிய அரங்குகளில் அவள் அதைக் கேட்டதே இல்லையாம்.

இடைவேளையில் வெளியே வந்து நின்றபோது, ஆற்றோரம் சரக்கு ரயில் ஒன்று போகும் உறுமல் கேட்டது. அந்த ரயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2024 நவம்பர் 9

ரயிலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்படிப்பட்ட சின்ன ஊரில் ஐந்நூறு பேரோ அதற்கும் மேலோ உட்காரும் அரங்கை எந்தத் துணிச்சலில் கட்டினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆற்றங்கரையோடு ஓடும் இருப்புப்பாதைதான் அந்தத் துணிச்சல். சிகாகோவிலிருந்து மில்வாக்கி வழியாகச் செயின்ட் பாலுக்கும் மினியாபொலிஸுக்கும் போகும் தடத்தில் ரெட் விங் இருக்கிறது. 1870களிலிருந்தே நாடகக் குழுக்கள் நடிகர்களோடும் திரைகளோடும் ரயிலில் ஊர் ஊராகப் போய், ஓர் ஊருக்கு ஓர் இரவு என ஆடிவிட்டு மறுநாள் காலை வண்டியேறும் முறை வளர்ந்துவிட்டது. அந்த இரட்டை நகரங்களில் ஒரு வாரம் ஆட ஒப்பந்தமாகியிருக்கும் குழுவுக்கு, வழியில் காலியாக இருக்கும் இரவை நிரப்ப ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரில் நல்ல மேடையும், ரயிலடிக்குப் பக்கத்தில் நல்ல ஓட்டலும் இருக்க வேண்டும். ரெட் விங்கில் 1875 முதல் ஓட்டல் இருந்தது. 1904இல் மேடையும் வந்துசேர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1896இல் நியூயார்க்கில் அரங்கு முதலாளிகளும் ஏற்பாட்டாளர்களுமாக ஆறு பேர் சேர்ந்து, நாடெங்கும் எந்தக் குழு எந்த ஊரில் என்றைக்கு ஆடுவது என்பதைத் தங்கள் ஒரே அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாடகச் சிண்டிகேட் என்று அதைச் சொல்வார்கள். தங்களோடு சேராத அரங்கு முதலாளிகளுக்கு நல்ல குழுக்கள் கிடைக்காதபடி அவர்களால் செய்ய முடிந்தது. ஓர் ஊரின் அரங்கு அந்த ஊருக்கே சொந்தம் என்பதற்கு இந்தச் சூழலில் தனிக் கனம் இருந்தது. குழுக்களை அனுப்புவது வெளியாரின் கையில் இருந்தாலும், கதவின் சாவி ஊரிடம் இருந்தது. வெளிக்குழு வராத இரவுகளில் உள்ளூர்ப் பள்ளி விழாவுக்கோ பாடகர் குழுவுக்கோ கதவைத் திறந்துவிட யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

பின்னால் திரைப்படம் வந்தது. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள் ரயில் கட்டணத்தையும் சம்பளத்தையும் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இங்கேயும் மேடையை மறைத்துத் திரை தொங்கியது; பல பத்தாண்டுகள் ஷெல்டன் ஒரு சினிமாக் கொட்டகையாகவே இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளித்திரைக்கு முன்னால் முதல் முத்தம் கொடுத்த தாத்தாவும் பாட்டியும் இன்றும் அந்த ஊரில் இருப்பார்கள்.

1980களில் நகரம் அதை மீண்டும் நாடக மேடையாக்கத் துணிந்து, நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 1988இல் திறந்தது. நானும் மகளும் பார்த்த தங்கம் அந்தப் புதுப்பிப்பில் மீண்டும் ஒளி பெற்றது.

2024 டிசம்பர் 22

நேற்றைய நிகழ்ச்சிக்கு நான்கு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தேன். வழியிலுள்ள ஹேஸ்டிங்ஸ் ஊர் வரை போய்விட்டு, முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாத அளவுக்குப் பனி வீசியதால் திரும்பிவந்துவிட்டோம். மகள் வழி முழுவதும் பேசவில்லை. 1904இல் ரயிலில் வந்த குழுவும் இப்படி எத்தனை இரவு வழியில் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

2025 ஜனவரி 11

"யாருக்குச் சொந்தமாக இருந்தால் என்ன, நல்ல மனிதர்கள் நடத்தினால் அரங்கு பிழைக்கும்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இதற்கு விடையாக, எனக்குத் தெரிந்த மூன்று அரங்குகளை ஷெல்டனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, ஆற்றைக் கடந்து விஸ்கான்சினில் மெனாமனி என்ற ஊரில் இருக்கும் மேபல் டெய்ன்டர் நினைவு அரங்கு. ஒரு மரவாணிபப் பெருஞ்செல்வரும் அவர் மனைவியும் 1886இல் பத்தொன்பது வயதில் இறந்த தங்கள் மகளின் நினைவாக 1890இல் கட்டியது. கல்லில் செதுக்கிய வாயிலும், உள்ளே கையால் அச்சுவைத்துத் தீட்டிய சுவர்களும், பைப் ஆர்கன் என்னும் குழலிசைப் பேழையும் அதில் உள்ளன. அழகில் அதுதான் முதலிடம் என்பது என் எண்ணம். ஷெல்டன் பக்தர்கள் கோபிக்கக் கூடாது. ஆனால் யூனிட்டேரியன் என்ற சமயப் பிரிவின் சபையாரை மனத்தில் வைத்து அது எழுந்தது; நூலகமும் வழிபாடும் நாடகமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அதன் பக்கத்தில் வைத்தால்தான் ஷெல்டனின் உயிலில் இருந்த, எந்தச் சமயப் பிரிவையும் சாராதது என்ற விருப்பத்தின் அருமை விளங்குகிறது. லூத்தரன், கத்தோலிக்கர், எபிஸ்கோபலியர் எனப் பல சபையினர் வாழ்ந்த ஊரில், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையக்கூடிய கட்டடத்துக்கு அந்த ஒரு வரி இடம் தந்தது.

இரண்டாவது, அயோவாவில் டபியூக் நகரத்தின் கிராண்ட் ஓப்பரா ஹவுஸ். 1890இல் திறந்தது, 1930 வாக்கில் சினிமாவுக்குப் போய், 1986 வரை சினிமாவாகவே இருந்தது, பிறகு உள்ளூர் நாடகக் குழுவினரே அதை வாங்கி மேடையை மீட்டார்கள். நல்ல மனிதர்கள் நடத்தினால் போதும் என்று சொல்பவருக்கு இது நல்ல சான்று, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஒஹாயோ ஆறும் மஸ்கிங்கம் ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் மரியெட்டா நகரத்தின் அரங்கு. ரெட் விங்கைப் போலவே சின்ன ஆற்றங்கரை ஊர். மக்கள்தொகை இன்னும் குறைவு. 1919இல் ஹிப்பட்ரோம் என்ற பெயரில் திறந்து, 1949இல் காலனி என்று பெயர் மாறி, 1985இல் கதவடைத்தது. மீண்டும் திறந்தது 2016 ஜனவரியில். ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, நன்கொடை திரட்டி, ஒரு வங்கியின் பெயரைச் சூட்டித்தான் அதை மீட்க முடிந்தது. இடையில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் அந்த ஊரில் பிறந்து வளர்ந்து வெளியூர் போன ஒரு தலைமுறை, தன் ஊர் மேடையை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஷெல்டன் அப்படிப் பல பத்தாண்டுகள் மூடிக்கிடக்கவில்லை. உடைமை யாருடையது என்பது நல்ல மனிதர்களுக்கு ஈடாகாது; ஆனால் நல்ல மனிதர்கள் வந்துசேரும் வரை கூரை விழாமல் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ரெட் விங்குக்காக நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். முதல் என்ற பட்டம் போனாலும் இது போகாது.

2025 பிப்ரவரி 2

மேலே எழுதியதை மூன்று வாரம் கழித்துப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. ரெட் விங் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். எந்தப் பணத்தில் தாங்குகிறது என்று எழுதாமல் விட்டது பாதி உண்மையை மறைத்ததாகும்.

ரெட் விங் நகர எல்லைக்குள், ஆற்றின் மேற்பக்கம், பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையம் இருக்கிறது. 1973இலும் 1974இலும் அதன் இரண்டு உலைகளும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அந்த நிலையம் கட்டும் சொத்துவரி நகரத்தின் வருவாயில் நெடுங்காலமாகப் பெரும் பங்கு வகித்து வருகிறது. இதே அளவுள்ள மற்ற ஆற்றங்கரை ஊர்கள் சாலைக்கும் பள்ளிக்குமே பணம் போதாமல் திண்டாடிய காலத்தில், ரெட் விங் ஒரு நாடக அரங்கைப் புதுப்பிக்க எண்ண முடிந்ததற்கு இந்த வரியும் துணை நின்றிருக்கும் என்றே நான் கருதுகிறேன். மரியெட்டாவின் முப்பது ஆண்டுகளை அந்த ஊரின் குறையாக நான் எழுதியது போலத் தொனித்தால், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்த நிலையத்தை ஒட்டியே, அமெரிக்கப் பூர்வகுடிகளான பிரெய்ரி ஐலண்ட் டக்கோட்டா மக்களின் குடியிருப்பு இருக்கிறது. எரிந்து தீர்ந்த அணு எரிபொருளை எஃகுக் கலங்களில் அடைத்து அந்த வளாகத்திலேயே வைக்க 1994இல் மாநிலச் சட்டமன்றம் இசைவு தந்தபோது, அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். ஊருக்கு ரெட் விங் என்ற பெயரே, சிவப்புச் சாயமிட்ட அன்னச் சிறகை அடையாளமாகக் கொண்டிருந்த டக்கோட்டாத் தலைவர்களால் வந்தது. ஊருக்கு மேல் நூறு மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பார்ன் பிளஃப் குன்றும் அவர்களுடைய புனித இடம். மலை, நீர், காடு என்னும் மூன்றையும் சேர்த்து அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் உண்டு. அரங்கின் மாடியில் உட்கார்ந்து தங்கத்தைப் பார்க்கும் என் மனத்தில் இந்தக் கணக்கும் இருக்க வேண்டும் என்று எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரி 4

"அரங்கைப் பற்றிப் பேச வந்தவர் அணு உலைக்குப் போய்விட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அரங்கை விட்டுப் போகவில்லை. நகராட்சியின் அரங்கு என்றால் நகராட்சியின் வரவு செலவும் அதன் கதையில் சேர்ந்ததே. 1904இல் கோதுமைப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். பின்னால் வந்த பணத்தைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும். இதே நாணயத்தோடு பார்த்தால், அந்தக் கோதுமையும் 1851 ஒப்பந்தங்களில் டக்கோட்டா மக்கள் கைவிட நேர்ந்த நிலத்தில்தான் விளைந்தது.

2025 ஏப்ரல் 13

பனி உருகிவிட்டது. டிசம்பரில் தவறிய பயணத்துக்கு ஈடாக, இந்த முறை ரயிலிலேயே போய்விடலாம் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். செயின்ட் பாலிலிருந்து சிகாகோ வரை போரியாலிஸ் என்ற பகல் ரயில் 2024 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. அது ரெட் விங்கில் நிற்கிறது. ஆற்றோரமாகவே வண்டி போனது. பனிக்கட்டி விலகிய நீரில் வெண்தலைக் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். 1905இல் கட்டிய ரயிலடியில் இறங்கி, செயின்ட் ஜேம்ஸ் ஓட்டலைத் தாண்டி, மூன்றாம் தெருவில் அரங்கின் எதிரே போய் நிற்கச் சில நிமிட நடையே ஆயிற்று. நாடகக் குழுவினர் பெட்டிகளோடு வந்த வழி இதுதான் என்று அவளிடம் சொன்னேன். செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்தால் எத்தனை முறை கீழே இறக்கிவைக்க வேண்டியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். மூன்று முறை என்று முடிவாயிற்று.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெரியவர் முகப்பைக் காட்டி, நாட்டிலேயே நகராட்சிக்குச் சொந்தமான முதல் நாடக அரங்கு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கிட்டு நார்த்தாம்டனைப் பற்றிச் சொல்லலாமா என்று மகள் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தப் பெரியவர் சொல்லி முடித்துவிட்டு, ஷெல்டன் என்பவர் யார் என்று பேரன் கேட்டதற்கு, கோதுமையிலிருந்து தொடங்கி விளக்க ஆரம்பித்தார். நாங்கள் மாலைக்கு இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பூங்காவுக்கு நடந்தோம்.

2025 ஏப்ரல் 14

முதலில் கேள்வி கேட்டவருக்கு: அடுத்த முறை போகும்போது மாடியின் பின்வரிசையில் சீட்டு வாங்குங்கள். காலை நீட்ட இடம் கொஞ்சம் குறைவு, ஆனால் தாள் புரளும் ஓசை அங்கேதான் கேட்கும்.